ஆறு மாத விதி எங்கிருந்து வந்தது?

"கரு கலைந்தால் ஆறு மாதமாவது பொறுத்துத்தான் அடுத்த கரு." சேரிப் பெண்களிடம் நாங்களும் இதைச் சொல்லி வந்திருக்கிறோம், தோழர்களே. அதன் வரலாற்றைத் தேடியபோதுதான் உறைத்தது.

2005இல் உலக சுகாதார நிறுவனம் ஜெனீவாவில் கூட்டிய வல்லுநர் கூட்டம் இதைப் பரிந்துரைத்தது. ஆதாரம் ஒரே ஓர் ஆய்வு: 1985 முதல் 2002 வரை லத்தீன் அமெரிக்க மருத்துவமனைகளில் பதிவான 2,58,108 பெண்களின் விவரங்கள். ஆறு மாதத்துக்குள் கருவுற்றவர்களிடம் ரத்தசோகையும் குறைப்பிரசவமும் எடை குறைந்த குழந்தைகளும் அதிகம் என்றது. ஆனால் தானாகக் கலைந்த கருவையும், கலைக்கப்பட்ட கருவையும் அது பிரித்துப் பார்க்கவில்லை.

2010இல் ஸ்காட்லாந்து ஆய்வு, கரு கலைந்து ஆறு மாதத்துக்குள் கருவுற்றவர்களுக்கே பேறு நன்றாக அமைந்ததைக் கண்டது. 2022இல் நார்வே ஆய்வு இரு வகையையும் தனித்தனியே பார்த்தது. மூன்று மாதத்துக்குள் கருவுற்றாலும் ஆபத்து கூடவில்லை.

இந்தக் கணக்குகள் எதிலும் நம் பெண்கள் இல்லை. நார்வேக்காரியின் உடல்நிலையும், ரத்தசோகையோடு களையெடுக்கப் போகிறவளின் உடல்நிலையும் ஒன்றல்ல. ஆகவே விதியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. "ஏன் பொறுக்கவில்லை?" என்று அவளைக் குற்றம் சொல்லும் முன், அவள் ரத்தத்தைச் சோதித்தார்களா, அவள் விரும்பிய கருத்தடை முறை கிடைத்ததா என்று கேட்போம். காத்திருப்பதா வேண்டாமா என்பது அவள் முடிவு.