நோட்டம் பார்த்த காசு

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது பழைய கல்லூரி நாட்களைப் பற்றி எழுதுவதாகத்தான் ஒப்புக்கொண்டேன். ஆனால் கேன்டீன், ஸ்டிரைக், ராயபுரம் வரை நடந்தே போனது எல்லாவற்றையும் போன மலரிலேயே எழுதித் தீர்த்துவிட்டார்கள். ஆகவே ஒரு காசைப் பற்றி எழுதுகிறேன். காசுக்குச் சொந்தக்காரன் நம் 1977 அணிக்காரன். இரண்டு வருடம் முன்பு காலமானான். பெயர் போட வேண்டாம் என்று அவன் மனைவி கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

எண்ணூரில் வேலை பார்த்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பழங்காசு சேர்த்தவன் அவன். போன வருடம் தங்கச்சி என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு, சீல் வைத்த பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கையில் கொடுத்தது. உள்ளே ஒரு செப்புக்காசு. மேலே லேபிள்.

"அண்ணே, ஒரு வியாபாரி வந்தாரு. லேபிள்ல 65னு இருக்கு, பெரிய நம்பர், நல்ல விலை போகும்னாரு. இன்னொருத்தர் பெட்டியே டூப்ளிகேட்டுன்னாரு. எது நிஜம்?"

பேத்திக்குக் கல்லூரிச் சேர்க்கை நடக்கும் மாதம் அது. சும்மா ஆர்வத்தில் கேட்ட கேள்வி இல்லை.

காசை இன்னொருவர் பார்த்துச் சான்று சொல்வது நமக்குப் புதிதல்ல. சங்கப் புலவர்களில் சிலர் பெயரிலேயே 'வண்ணக்கன்' என்ற அடைமொழி வருகிறது. நாணயத்தை நோட்டம் பார்ப்பவர் என்று அதற்குப் பொருள். இன்று 'நோட்டம் விடுறான்' என்று நாம் சொல்லும் சொல்லின் பழைய வேலை காசை உரசிப் பார்ப்பதுதான். கம்பெனியார் காலத்தில் அந்த வேலையைச் சராப்புகள் செய்தார்கள். பழைய வெள்ளி ரூபாய்களில் அவர்கள் குத்திய சின்னச் சின்ன முத்திரைகளை இன்றும் காணலாம். 1869இல் மூடப்பட்டு, பிறகு அரசு அச்சகமான நம் தங்கசாலை இருந்த ஊரில், சராப்பு சரி என்று சொல்லாத காசு கடையில் செல்லாது.

பெட்டிக்குள் இருந்தது 1808ஆம் ஆண்டுப் பத்து காசு. ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து. ஒரு நட்சத்திர வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு, ஆக வராகனுக்கு 3,360 காசு என்ற கணக்கு நடந்த காலம். பர்மிங்ஹாம் நகரில் மேத்யூ போல்டனின் சோஹோ ஆலையில், நீராவி எந்திரத்தில் சென்னைக்காக அடித்தார்கள். பீப்பாய்களில் அடைத்து 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பலில் ஏற்றினார்கள். 1809 ஜனவரிப் புயலில் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் கப்பல் மூழ்கிவிட்டது. தப்பித்து வந்திருந்தாலும் அப்போது நமக்குத் துறைமுகம் கிடையாது. மசுலா படகில்தான் பீப்பாய்கள் கரையேறியிருக்கும். 1980களில் முத்துக்குளிப்பது போல் மூழ்கி, லட்சக்கணக்கில் இந்தக் காசுகளை எடுத்தார்கள். பீப்பாயின் நடுவில் இருந்தவை பளபளப்பாகவும், ஓரத்தில் இருந்தவை உப்பு அரித்தும் வந்தன.

இனி அந்த 65க்கு வருவோம். 1949இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் அமெரிக்காவின் பழைய பெரிய செப்புக் காசுகளுக்காக 1 முதல் 70 வரை ஒரு அளவுகோல் வகுத்தார். 60க்கு மேல் என்றால் புழங்காத காசு. (அந்த மனிதரே நியூயார்க் நாணயச் சங்கத்துச் சேகரிப்பில் நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு மட்டமானவற்றை வைத்தவர் என்பது அவர் இறந்த பிறகு கோர்ட்டு வரை போனது. நோட்டக்காரனை நோட்டம் பார்க்க ஆள் இல்லை!) இந்த அளவுகோலை வைத்து 1986இல் பிசிஜிஎஸ், 1987இல் என்ஜிசி என்ற அமெரிக்கக் கம்பெனிகள் காசுக்கு எண் போட்டுப் பெட்டியில் அடைக்கத் தொடங்கின. முதல் பெட்டிகள் சிலவற்றில் காசு கிலுகிலுப்பை மாதிரி ஆடும்.

பழைய பெட்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று சேகரிப்பவர்களிடையே ஒரு பேச்சு உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆரம்பத்தில் கண்டிப்பாக எண் போட்டார்கள், பிறகு கை தளர்ந்தது. அன்று 64 வாங்கிய காசு பின்னாளில் 65 வாங்கியதுண்டு. ஆனால் இது தெரிந்தவர்கள் சும்மா இருப்பார்களா? குறைத்து எண் போட்ட பழைய பெட்டிகளைத் தேடிப்பிடித்து உடைத்து, மறுபடி அனுப்பி, கூடுதல் எண் வாங்கிக்கொண்டார்கள். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்துக்குப் போனால் வஞ்சிரம் கிடைக்கும். பத்து மணிக்குப் போனால் மற்றவர் கழித்துப் போட்டதுதான் கிடைக்கும். இன்று மிஞ்சியிருக்கும் பழைய பெட்டிகளில் பல, பத்து மணிக் கூடை. 2007இல் சிஏசி என்ற நிறுவனம், பெட்டிக்குள் இருக்கும் காசு அந்த எண்ணுக்குத் தகுதியானதுதானா என்று மறுபடி பார்த்து ஸ்டிக்கர் ஒட்டத் தொடங்கியதே இந்தக் குழப்பத்தால்தான். அதுவும் அமெரிக்கக் காசுகளுக்குத்தான், நம் பத்து காசுக்கு இல்லை.

செப்புக்கு இன்னொரு சங்கடம். பெட்டி காற்றுப் புகாதது அல்ல. சிவப்பாக உள்ளே போன செப்பு நம் உப்புக்காற்றில் பழுப்பாகும், பச்சை பூக்கும். 2010 முதல் அடைத்த செப்புக் காசுகளின் நிறத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று பிசிஜிஎஸ்ஸே சொல்லிவிட்டது. துறைமுகத்தில் டாலி கிளார்க்காக முப்பது வருடத்துக்கு மேல் கன்டெய்னர் சீல் பார்த்தவன் நான். சீல் உடையவில்லை என்றால் வழியில் யாரும் திறக்கவில்லை என்று அர்த்தம். உள்ளே சரக்கு கெடவில்லை என்று அர்த்தமில்லை.

மறுபடி அனுப்பி எண் வாங்கலாமே என்று மாணவர்கள் கேட்கக்கூடும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயதைக் கடந்த காசு தொல்பொருள். தனிமனிதர் யாரும் அதை நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. வெளியிலிருந்து வந்த பழைய பெட்டியை நாமேதான் இங்கே படித்துக்கொள்ள வேண்டும்.

படித்தோம். லேபிளில் உள்ள சான்று எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டதும் 1808 பத்து காசு என்றே வந்தது. அது மட்டும் போதாது. 2008 வாக்கில் சீனாவிலிருந்து வந்த போலிப் பெட்டிகளில் உண்மையான எண்களையே அச்சடித்திருந்தார்கள். எழுத்தின் வடிவம், ஓரத்து ஒட்டு, உரசிய தழும்பு எல்லாவற்றையும் அதே கால நல்ல பெட்டி ஒன்றோடு வைத்துப் பார்த்தோம். பெட்டி அசல். பிறகு மொட்டைமாடிக்குப் போய் வெயிலில் சாய்த்துச் சாய்த்து லென்ஸில் பார்த்தேன். எழுத்தில் தேய்மானமே இல்லை. ஆனால் சிங்கத்தின் தொடையில் ஊசி குத்தியது போல் அரிப்புக் குழிகள், விளிம்பில் ஒரு பச்சைப் பொட்டு. சிவப்பும் பழுப்பும் என்று லேபிள் சொன்ன நிறத்தில் சிவப்பைக் காணோம். தேய்மானத்தை மட்டும் பார்த்தால் அந்த எண் சரி. மேற்பரப்பையும் சேர்த்தால் என் கணக்கில் 62 தேறலாம். எண் எதுவானாலும் லட்சக்கணக்கில் கிடைத்த காசு, பெரிய விலை போகாது.

தங்கச்சியிடம் அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அப்ப அவரு ஏமாந்துட்டாரா அண்ணே?"

"இல்லம்மா. அவன் 1997ல வாங்கும்போது இந்தப் பச்சை இருந்திருக்காது. 65க்கு மேலயே அவனுக்குப் பிடிச்சது, இது மெட்ராஸுக்கு வந்து சேராத காசுங்கறதுதான்."

கட்டணத்தை அணி நண்பர்கள் பார்த்துக்கொண்டோம், அது இருக்கட்டும். காசை விற்க வேண்டாம் என்று தங்கச்சி முடிவு செய்து, இந்த வருட ஒன்றுகூடலுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறது. வரலாற்றுத் துறை வாசலில் மேசை மேல் இருக்கும். லேபிளைக் காகிதம் ஒட்டி மறைத்திருக்கிறோம். பக்கத்தில் லென்ஸும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கும். பார்த்துவிட்டு உங்கள் எண்ணை எழுதுங்கள், மாலை தேநீருக்குப் பிறகு காகிதத்தைப் பிரிப்போம்.

— ஒரு முன்னாள் மாணவன், வரலாறு (1974–77), திருவொற்றியூர்