என்விடிஏ (திரைவாசிப்பான்)

பார்வையற்றோர் கணினியைக் காதால் படிக்க உதவும் இலவச, திறமூல மென்பொருள். பார்வையற்ற ஆஸ்திரேலியர் மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கியது. விண்டோஸில் இயங்கும். இன்சர்ட் விசையோடு கீழ் அம்புக்குறியை அழுத்தினால் ஆவணத்தை விடாமல் வாசிக்கும். உடன்வரும் ஈஸ்பீக் குரல் தமிழும் பேசும். கரகரப்புதான், பழகிவிட்டால் போதும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை தேடும் பார்வையற்றவரின் மின்-ஆதார், பூட்டிய பிடிஎஃப். பெயரின் முதல் நான்கு எழுத்துகள் ஆங்கிலப் பெரிய எழுத்தில், அவற்றோடு பிறந்த ஆண்டு, இதுவே கடவுச்சொல், தட்டினால் திறக்கும். வேறு சில கோப்புகளிலோ, உருவாக்கியவர் திரைவாசிப்பானுக்கான அனுமதியை மறுத்திருந்தால் என்விடிஏ வாய் திறக்காது. கோப்பின் பாதுகாப்பு அமைப்பில் அந்த அனுமதிக்கான ஒரு பெட்டியை டிக் செய்வது உருவாக்குபவரின் கடமை.

சட்டமும் துணை நிற்கிறது: இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம், மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவில் நூல்களை மாற்ற இடமளிக்கிறது. இதே நோக்கிலான பன்னாட்டு மராகேஷ் உடன்படிக்கைக்கு 2014-இல் முதலில் ஒப்புதல் அளித்த நாடும் இந்தியாவே.