உரிமையியல் வழக்கு (இந்தியா)

உரிமையியல் வழக்கு என்பது சொத்து, கடன், ஒப்பந்தம், பாகப்பிரிவினை, நட்டஈடு போன்றவற்றில் தன் உரிமையை நிலைநாட்டக் கோரி ஒருவர் மற்றொருவர் மீது தொடுக்கும் வழக்கு. பேச்சுவழக்கில் ‘சிவில் கேஸ்’. 1909 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள ‘உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908’ இதன் போக்கை வகுக்கிறது. ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபின்படி, சான்றுகளைத் திரட்டி முன்வைப்பது தரப்பினரின் பொறுப்பு; அவற்றை எடைபோடுவது நீதிபதியின் வேலை. ஜூரி கிடையாது.

தாக்கல்

விசாரிக்கத் தகுதியுள்ள நீதிமன்றங்களுள் கீழ்நிலையிலுள்ளதில்தான் வழக்கைத் தொடுக்க வேண்டும். நிலத் தகராறு என்றால் நிலம் இருக்கும் எல்லைக்குள். காலவரம்பும் உண்டு: பொதுவாகக் கடனை வசூலிக்க 3 ஆண்டுகள், உரிமைமூலத்தின் அடிப்படையில் நிலத்தை மீட்க 12 ஆண்டுகள். வாதி நீதிமன்றக் கட்டணம் செலுத்தி வழக்குரை தாக்கல் செய்கிறார். அழைப்பாணை பெற்ற பிரதிவாதி 30 நாட்களுக்குள் எதிர்வழக்குரை தர வேண்டும். நீதிமன்றம் இதை 90 நாட்கள் வரை நீட்டிக்கலாம். இந்த 90 நாள் வரம்பு கண்டிப்பானதல்ல என்று சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் கூறியது. வணிக வழக்குகளில் 120 நாட்களைத் தாண்டினால் எதிர்வழக்குரை தரும் உரிமையே போய்விடும். பிரதிவாதி வராவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பளிக்கப்படலாம்.

விசாரணை

இரு தரப்பும் முரண்படும் இடங்களை நீதிமன்றம் எழுவினாக்களாக வகுக்கிறது. விசாரணை அவற்றைச் சுற்றியே நடக்கும். சாட்சியின் முதல் விசாரணை பிரமாணப் பத்திரமாகத் தரப்படும்; பின்னர் எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்யும். குற்ற வழக்கைப் போல ஐயமற நிரூபிக்க வேண்டியதில்லை. எவர் கூற்று நடந்திருக்கக் கூடுதல் வாய்ப்புள்ளதோ அவருக்கே வெற்றி. ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்பது விதி. நடைமுறையில் அது அடிக்கடி மீறப்படுகிறது. சமரசத்துக்கு வழியிருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவின்படி மக்கள் நீதிமன்றத்துக்கோ சமரச மையத்துக்கோ அனுப்பலாம்.

தீர்ப்பும் நிறைவேற்றமும்

தீர்ப்பு காரணங்களைச் சொல்லும். தீர்ப்பாணை யாருக்கு என்ன உரிமை என்பதை வரையறுக்கும். முதல் மேல்முறையீட்டில் சங்கதிகளையும் சட்டத்தையும் எழுப்பலாம். உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு, முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால் மட்டுமே.

தீர்ப்பாணை தானாக நிறைவேறாது. வென்றவர் பொதுவாக 12 ஆண்டுகளுக்குள் நிறைவேற்று மனு தாக்கல் செய்து, ஜப்தி, ஏலம், சுவாதீன ஒப்படைப்பு வழியாகப் பலனைப் பெற வேண்டும். இந்திய வழக்காடியின் தொல்லை தீர்ப்பாணை பெற்ற பின்னரே தொடங்குகிறது என்று 1872இலேயே, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் குறிப்பிட்டது. நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என 2021இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.