வந்தவாசிப் போர்க்களமும் படைப்பிரிவுகளின் நினைவும்

போர் நிகழ்ந்த நிலத்தை விடுத்துப் போரின் வரலாற்றை மட்டும் உரைப்பது நம் பாடநூல்களில் வழக்கமாகிவிட்டது. வந்தவாசிப் போரைப் பற்றி மாணாக்கர் அறிவன மிகச் சிலவே: நடந்தது கி.பி. 1760, வென்றவர் அயர் கூட், தோற்றவர் லாலி. அக்களம் எத்தகைய நிலம், அங்கு நின்ற படைப்பிரிவுகள் எவை, வீழ்ந்தோரை நினைவில் நிறுத்தியவர் எவர் என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுவதில்லை. அவற்றையே ஈண்டு ஆராய்வோம்.

1759 செப்டம்பர் இறுதியில் மேஜர் பிரீர்ட்டன் வந்தவாசியைத் தாக்கித் தோற்றார். நவம்பர் 30ஆம் நாள் கூட் அக்கோட்டையைக் கைப்பற்றினார். அதனை மீட்க லாலி முற்றுகையிட்டதும், முற்றுகையை விலக்கக் கூட் விரைந்ததுமே 1760 ஜனவரி 22ஆம் நாள் போருக்குக் காரணமாயின.

கூட் மலையடிவாரத்தைச் சார்ந்து தம் படையை நகர்த்தினார் என்பர். இது வீண் சுற்று அன்று. லாலிக்குத் துணையாக மூவாயிரம் மராட்டியக் குதிரைவீரர் வந்திருந்தனர். கல்லும் கரடுமான நிலத்தில் குதிரைப்படை பாய்ந்து தாக்க இயலாது. வந்தவாசிக்கு அருகே வெண்குன்றத்துத் தவளகிரியை இன்று காண்போர், இந்நாட்டில் குன்று ஒரு படைக்கு எத்துணை அரணாகும் என்பதை எளிதில் உணர்வர். மற்றொன்று நீர்நிலை. பிரெஞ்சு அணியின் இடப்பக்கத்திற்குச் சற்று முன்னே இருந்த ஒரு குளத்தை அரண் செய்து, கப்பற்படை வீரரையும் பீரங்கிகளையும் அதனுள் நிறுத்தியிருந்தனர். உழவர் நீர் தேக்க எடுத்த கரையே போர் அரணாயிற்று.

அணிவகுப்பைப் பார்ப்போம். பிரெஞ்சு வரிசையின் வலப்புறம் லொரேன் படைப்பிரிவும், நடுவில் இந்தியப் பட்டாளம் எனப்பட்ட ஐரோப்பியப் படையும், இடப்புறம் லாலியின் பெயர் தாங்கிய படைப்பிரிவும் நின்றன. ஆங்கில வரிசையில் லொரேனுக்கு எதிரே கூட்டின் 84ஆம் படைப்பிரிவு. நடுவில் கும்பினியின் ஐரோப்பியர். லாலியின் படைக்கு எதிரே டிரேப்பரின் 79ஆம் படைப்பிரிவு. லொரேன் வீரர் பன்னிருவர் அகலமுள்ள நெடுவரிசையாக முன்னேறினர். கூட்டின் வீரர் ஐம்பது கசத் தொலைவு வரும்வரை காத்திருந்து சுட்டனர். பின் கைகலந்த போரில் அவ்வரிசை உடைந்தது. அவ்வேளை ஆங்கிலக் குண்டு ஒன்று குளத்தரணில் இருந்த வெடிமருந்து வண்டியில் பட, ஏறத்தாழ எண்பதின்மர் மாண்டும் புண்பட்டும் வீழ்ந்தனர். பிரீர்ட்டன் 79ஆம் படையுடன் பாய்ந்து அவ்வரணைக் கைக்கொண்டார். அம்முயற்சியிலேயே உயிர் நீத்தார். லாலியின் படையைத் துப்பாக்கிமுனை ஈட்டியுடன் நடத்தி வந்த புஸ்ஸி சிறைப்பட்டார். களத்தின் முடிவை ஒரு குளக்கரை அறுதியிட்டது எனல் மிகையன்று.

இனிச் சிப்பாய்கள். கூட்டின் படையில் அவர்கள் 2,100 பேர்; ஐரோப்பியர் எண்ணிக்கையினும் மிகுதி. ஆயினும் போர் இருதரத்து ஐரோப்பியரிடையே முடிந்துவிட்டது. போர் முடிந்தபின் சிப்பாய்த் தலைவர்கள் கூட்டிடம் வந்து, இத்தகைய போரைக் காணும் பேறு தந்தமைக்கு நன்றி கூறினர் என ஓர்ம் 1778இல் வெளிவந்த தம் நூற்பகுதியில் எழுதுகிறார். இக்கூற்றைப் பலரும் ஆராயாது எடுத்தாள்வர். வென்றவர் பக்கத்து ஆசிரியர், வென்ற தலைவரின் பெருமைக்கு உரைத்த செய்தி இது. சிப்பாயின் சொல் அவனுடைய மொழியில் நமக்குக் கிட்டவில்லை. புதுச்சேரியிலிருந்து ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் எழுதிய நாட்குறிப்பு 1761 வரை செல்கிறது. ஓர்மைப் பயில்வோர் அதனையும் உடன் வைத்துப் பயிலுதல் வேண்டும்.

நினைவு எங்கே நிலைத்தது? 79ஆம் படைப்பிரிவு 1763இல் கலைக்கப்பட்டது. அதன் தலைவர் டிரேப்பர் 1766இல் இங்கிலாந்தில் பிரிஸ்டலை அடுத்த கிளிப்டனில் அப்படைக்கு ஒரு நினைவுக்கல் எழுப்பினார். டிரேப்பர் வந்தவாசிக் களத்தில் நின்றவர் அல்லர். எனினும் அப்போரும் பிற போர்களும் மாண்ட அதிகாரிகளின் பெயர்களும் அக்கல்லில் உள்ளன. எளிய வீரர் பெயர்கள் இல்லை. கும்பினியின் சென்னை ஐரோப்பியப் படையோ வந்தவாசியின் பெயரைத் தன் கொடியில் தாங்கியது. அப்படை பின்னர் டப்ளின் படைப்பிரிவாகி, 1922இல் கலைக்கப்பட்டது. இவ்வாறு திருவண்ணாமலை மாவட்டத்து ஊர் ஒன்றின் போர்நினைவு கடல்கடந்த நாட்டுக் கல்லிலும் கொடியிலும் தங்கிற்று.

அதே மாவட்டத்தின் செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலம் முதலான நடுகற்கள் நிற்கின்றன. ஆநிரை மீட்டு வீழ்ந்தவனின் பெயர், அவனுடைய தலைவன், அரசனின் ஆட்சியாண்டு ஆகியவை அவற்றில் உண்டு. மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர்க் கல், வீரனுடன் நின்ற நாயின் பெயரைக்கூடக் கோவிவன் என்று குறிக்கிறது. சிற்றூர்ப் பூசல் ஒன்றில் நாய்க்குக் கிட்டிய பெயர்ப்பொறிப்பு, ஒரு பேரரசின் எழுச்சிக்கு வழிவகுத்த களத்தில் நின்ற சிப்பாய்க்குக் கிட்டவில்லை. பெயரறிய முயல்வோர் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் 1752இலிருந்து தொடங்கும் படைத்துறை ஆலோசனைப் பதிவுகளுள் சிப்பாய்த் தலைவர்களைப் பற்றிய குறிப்புகளை முதற்கண் தொகுத்தல் வேண்டும்.