துருவம் நோக்கிய அச்சு

தெற்கேயிருந்து பணி நிமித்தம் வடக்கே வந்து குடியேறிய நாம், ஊர் மாறியதைக் குளிரிலும் உணவிலும் உணர்கிறோம். வானத்தில் உணர்வோர் சிலரே. சென்னையில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்குமேல் சுமார் 13 பாகை உயரத்தில், தென்னை மரங்களுக்கிடையே மறைந்து கிடக்கும். தில்லியிலோ அது 28 பாகை அளவுக்கு எழுந்து நிற்கிறது. ஓரிடத்தில் வான துருவம் தோன்றும் உயரம் அவ்விடத்து அட்சரேகைக்குச் சமம் என்பதே இதன் காரணம்.

வானநூற் கருவிகளின் வரலாற்றில் இவ்வுண்மை பெரும் பங்கு கொண்டது. பூமி தன் அச்சில் சுழல்வதால் விண்மீன்கள் யாவும் துருவத்தைச் சுற்றி வருவனபோல் தோன்றுகின்றன. கருவியின் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாக அமைத்துவிட்டால், அந்த ஒன்றைச் சுழற்றியே விண்மீனைப் பின்தொடரலாம். அச்சு சற்றே பிசகினாலும் விண்மீன் பார்வையினின்று நழுவிவிடும்.

இந்த அமைப்பின் பேருருவைத் தில்லி ஜந்தர் மந்தரில் காண்கிறோம். பித்தளைக் கருவிகளின் அச்சு தேய்வதையும் மையம் இடம்பெயர்வதையும் கண்டு மனம் சலித்த மன்னர் சவாய் ஜெயசிங், 1724-ஆம் ஆண்டளவில் கல்லாலும் சுண்ணாம்பாலும் சம்ராட் யந்திரத்தை எழுப்பினார். அதன் சாய்ந்த விளிம்பு வான துருவத்தை நோக்குகிறது. அவ்விளிம்பின் நிழல் நேரத்தைக் காட்டுகிறது. ஓரிடத்துக் கணக்கை மற்றோரிடத்தில் சரிபார்க்க வேண்டி அவர் வேறு நகரங்களிலும் வானாய்வுக் கூடங்கள் அமைத்தார். ஆயினும் சாய்வு எங்கும் ஒன்றாக இல்லை. தில்லியில் சுமார் 28½ பாகை, ஜெய்ப்பூரில் 27, உஜ்ஜயினியில் 23. தில்லியின் அளவை அப்படியே உஜ்ஜயினிக்குக் கொண்டு சென்றிருந்தால், அத்தனை உழைப்பும் பிழையான நேரத்தையே காட்டியிருக்கும்.

ஒரு நூற்றாண்டு கழிந்தபின், ஜெர்மனியின் மியூனிக் நகரில் பிரௌன்ஹோபர் என்னும் கண்ணாடி வினைஞர் இதே தத்துவத்தைத் தொலைநோக்கியில் திறம்படப் பொருத்தினார். 9½ அங்குல வில்லை கொண்ட அத்தொலைநோக்கி, 1824-இல் தோர்பாத் நகரை, அதாவது இன்றைய எஸ்டோனியாவின் தார்த்துவை, அடைந்தது. துருவ அச்சைக் கடிகாரப் பொறி ஒன்று சீராகச் சுழற்றியது. அதன் துணைகொண்டு ஸ்த்ரூவே என்னும் அறிஞர் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இரட்டை விண்மீன்களைப் பட்டியலிட்டு 1827-இல் வெளியிட்டார்.

அப்படியாயின் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராகத் திருப்பினால் போதாதா எனலாம். போதாது. அந்நட்சத்திரம் துருவத்திலேயே நிற்பதன்று. ஜெயசிங்கின் காலத்தில் அது இரண்டு பாகைக்குச் சற்று அதிகமாக விலகியிருந்தது. இன்றும் சுமார் மூன்றில் இரண்டு பாகை விலகியுள்ளது. ஆதலின் அறிஞர்கள் மற்றொரு சோதனையைக் கையாள்கின்றனர். வான நடுக்கோட்டுக்கு அருகே, உச்சிவட்டத்தைக் கடக்கும் ஒரு விண்மீனை முதலில் நோக்குவர். அது தெற்கே நகர்ந்தால் அச்சு கிழக்கே பிசகியுள்ளது. வடக்கே நகர்ந்தால் மேற்கே பிசகியுள்ளது. அடுத்து, கீழ்வானில் உள்ள ஒரு விண்மீனை நோக்குவர். அது தெற்கே நகர்ந்தால் அச்சு தாழ்ந்துள்ளது. வடக்கே நகர்ந்தால் உயர்ந்துள்ளது. இரண்டும் அசையாது நிற்கும் வரை மீண்டும் மீண்டும் திருத்துவர். நம் நாட்டிற்கும் அவர் நாட்டிற்கும் விதி இதுவே. வேண்டுவது பொறுமை ஒன்றுதான்.

தமிழகத்தின் காவலூரில் 1986-இல் இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியின் துருவ அச்சு, 12½ பாகை மட்டுமே சாய்ந்து, ஏறக்குறையப் படுத்திருக்கிறது. தார்த்துவின் அச்சோ 58 பாகை நிமிர்ந்திருந்தது. இரண்டும் நோக்கியது ஒரே துருவத்தைத்தான்.

இன்றிரவு வானம் தெளிந்திருந்தால் மாடிக்குச் சென்று வடதிசையைப் பாருங்கள். அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது அங்கும் பாருங்கள். நாம் கடந்து வந்த தொலைவை அந்த ஒரு விண்மீன் கணக்காகச் சொல்லும்.