திண்டுக்கல்லின் குடிநீரும் கீழ்ப்பழனி மலைக்காடும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் திண்டுக்கல் சமவெளி, தனக்குரிய மழையின் பெரும்பகுதியை ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவக்காற்றிடமிருந்து பெறுகிறது. சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும் அம்மழையை ஆண்டு முழுவதற்கும் தேக்கி வைக்கக் கண்மாய், ஊருணி, கிணறு ஆகியவற்றை இச்சமவெளி மக்கள் தலைமுறை தலைமுறையாக நம்பி வந்தனர் என்றாலும், நகரம் பெருகியபோது அதன் குடிநீருக்குக் கைகொடுத்தது மேற்கே உள்ள கீழ்ப்பழனி மலையே ஆகும். தாண்டிக்குடி, பெரும்பாறை வட்டாரங்களில் பெய்யும் மழை ஓடைகளாகத் திரண்டு, புல்லாவெளி அருவியாக விழுந்து, குடகனாறாக ஆத்தூர்ப் பக்கம் இறங்குகிறது. ஓர் ஆற்றுக்கோ அணைக்கோ இவ்வாறு நீரைத் திரட்டித் தரும் நிலப்பரப்பு முழுவதையும் நீர்ப்பிடிப்புப் பகுதி என்பர்.

மலைக்காட்டுக்கும் சமவெளி நீருக்கும் உள்ள தொடர்பு ஆட்சியாளர்களின் கவனத்துக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். மருத்துவராக இந்தியாவுக்கு வந்து தாவரவியலில் ஈடுபட்ட ஹியூ கிளெக்ஹார்ன், வெப்பமண்டலக் காடுகள் அழிவதன் விளைவுகளைப் பற்றிய அறிக்கையொன்றை 1851-இல் பிரிட்டிஷ் அறிவியல் கழகத்தின் முன் வைத்தார்; 1856-இல் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராகப் பொறுப்பேற்றார். ஆயினும் காபித் தோட்டங்கள் மலையேறிக்கொண்டிருந்தன. 1875-இல் திருச்சி–மதுரை இருப்புப்பாதை திண்டுக்கல் வழியே திறக்கப்பட்டபின் விறகுத் தேவையும் கூடியது. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம், அரசு எல்லை வகுத்து வெட்டுதலையும் மேய்ச்சலையும் கட்டுப்படுத்தும் காப்புக்காடு என்னும் முறையை நிலைநிறுத்தியது. அச்சட்டம் பல சரிவுகளைக் காத்தது உண்மை. அதே சட்டம், பளியர் போன்ற மலைமக்கள் வழிவழியாகப் புழங்கிய காட்டில் அவர்களையே அத்துமீறுவோராக ஆக்கியதும் உண்மை. அக்குறையைத் திருத்த நாடு 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

குடகனாற்று நீரைத் தேக்கும் ஆத்தூர் காமராசர் அணை, திண்டுக்கல் நகருக்கும் சின்னாளபட்டி போன்ற ஊர்களுக்கும் குடிநீர் தருவது. அதன் முழு நீர்மட்டம் 23.5 அடி மட்டுமே என்பதைக் கருத்தில் கொண்டால், மேலே உள்ள காட்டின் மதிப்பு எளிதில் விளங்கும். நிழலடர்ந்த சரிவில் மழைத்துளி முதலில் இலையிலும், பிறகு மக்கிய சருகிலும் பட்டு வேகமிழந்து, வேர்த்தடங்கள் வழியே மண்ணுக்குள் இறங்கி, மழை ஓய்ந்த பின்னும் ஊற்றாகக் கசிகிறது. வெறுமையான சரிவிலோ அதே மழை மண்ணை அறுத்துச் செந்நிறச் சேற்றோடு ஒரே மூச்சில் ஓடிவருகிறது. ஆழம் குறைந்த அணையில் படியும் ஒவ்வோர் அடி வண்டலும் கோடைக்கான இருப்பைக் குறைத்துவிடுகிறது.

இந்நகரின் வரலாற்றில் மலையையும் சமவெளியையும் ஒருசேரப் பாதித்த தொழில் தோல் பதனிடுதல் ஆகும். உப்பிட்டு வந்த தோலைக் கழுவிய நீரும், குரோமியம் கலந்த கழிவும் திண்டுக்கல்லைச் சுற்றியிருந்த கிணறுகளை உவர்ப்பாக்கின. தமிழ்நாட்டுத் தோல் தொழிற்சாலைகள் குறித்து உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பில் இம்மாவட்டமும் இடம்பெற்றது. மறுபுறம், தோல் பதனிட உதவும் பட்டைக்காக, வாட்டில் எனப்படும் அயல்நாட்டுச் சீகை மரம் மேல்பழனி மலையின் இயற்கைப் புல்வெளிகளில் விரிவாக நடப்பட்டது. சோலைக்காடு என்பது மலை மடிப்புகளில் வளரும் குட்டையான, என்றும் பசுமையான காடு. அதைச் சூழ்ந்த புல்வெளியோடு சேர்ந்தே அது நீரைப் பிடித்து வைக்கிறது. அப்புல்வெளியில் நெருக்கி நடப்பட்ட சீகையும் தைலமரமும் மண்ணின் ஈரத்தை மிகுதியாக உறிஞ்சின. ஆகவே மரம் எதுவாயினும் நீர் பெருகும் என்ற நம்பிக்கை தவறானது. அந்தந்த இடத்துக்குரிய தாவரமே நீரைக் காக்கும்.

கீழ்ப்பழனி மலையின் நிலை இதனினும் சிக்கலானது. அங்கே நீர்ப்பிடிப்புப் பகுதியின் கணிசமான பரப்பு, காபியும் மிளகும் மலைவாழையும் விளையும் பட்டா நிலமாக இருக்கிறது. நாட்டு மரங்களின் நிழலில் காபி வளரும்வரை தோட்டமும் ஓரளவு காட்டின் வேலையைச் செய்கிறது. நிழல் மரங்கள் வெட்டப்பட்டு அந்நிலம் மனையாகவும் விடுதியாகவும் மாறும்போது அவ்வேலை நின்றுபோகிறது. 600 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட காட்டை உள்ளடக்கிக் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013-இல் அறிவிக்கப்பட்டது பெரிய காப்பு எனினும், சரணாலய எல்லைக்கு வெளியே உள்ள தோட்டங்களுக்கு அது பொருந்தாது. இத்தகைய தனியார் நிலத்துக்கு வழிகாட்டுவது நியூயார்க் நகரின் அனுபவம். 1997-இல் அந்நகரம் கேட்ஸ்கில் மலைப்பகுதி மக்களோடு ஒப்பந்தம் செய்து, உழவர்கள் நீரைக் கெடுக்காத முறையில் பயிரிடப் பணம் கொடுத்து, விற்க முன்வந்தோரின் நிலத்தை விலைக்கு வாங்கி, மாபெரும் வடிகட்டு நிலையத்தின் செலவைத் தவிர்த்தது.

ஆத்தூர் நீர் போதாதபோது திண்டுக்கல் வைகையின் பேரணையை நாடியது. பிறகு காவிரியிலிருந்து குழாய் வழியே நீர் பெற்றது. தொலைவு கூடும்தோறும் மின்செலவும் பிற மாவட்டங்களின் தேவையோடு போட்டியும் கூடும். குடகனாறு ஒன்றே மலையிலிருந்து தன் போக்கில் நகருக்கு அருகே வந்து சேரும் நீர். எனவே குழாய்க்கும் தொட்டிக்கும் நிதி ஒதுக்கும் மாநகராட்சியும் அரசும், நிழல் மரங்களைக் காக்கும் மலைத்தோட்ட உழவருக்கும் காட்டை அறிந்த பளியருக்கும் அந்நிதியில் ஒரு பங்கை ஒதுக்குதல் வேண்டும். தாண்டிக்குடிச் சரிவின் காடு, திண்டுக்கல் குடிநீர்த் திட்டத்தின் முதல் உறுப்பு என்று கணக்கில் எழுதப்பட வேண்டிய காலம் இது.