முதல் குரல்

'முதல் தமிழ் பேசும் படம் எது?' குவிஸ் போட்டிகளில் சலிக்கச் சலிக்கக் கேட்கப்பட்ட கேள்வி. 'காளிதாஸ்' என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூட பட்டென்று சொல்லிவிடும். சரி, அதில் கதாநாயகி யார்? இங்கேதான் பலருக்கு வாய் திறக்காது.

டி.பி.ராஜலட்சுமி. திருவையாறு பஞ்சாபகேச ராஜலட்சுமி. 1911-ல் பிறந்தவர். அப்பா கிராமக் கணக்குப்பிள்ளை. பெண்ணுக்கு விவரம் தெரிவதற்குள்ளேயே கல்யாணம் ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் அதைத் தடுக்கச் சட்டம் ஏதும் இல்லை. பெண்ணின் திருமண வயது 14 என்று நிர்ணயித்த சாரதா சட்டம் நிறைவேறியதே 1929-ல்தான். வரதட்சணைப் பிரச்னையில் புகுந்த வீட்டு வாழ்க்கை நிலைக்கவில்லை. அப்பாவும் இறந்துபோனார். அம்மாவும் மகளும் திருச்சிக்கு வந்து சேர்ந்தார்கள். கையில் காசில்லை. தெரிந்த தொழிலும் இல்லை. பெண்ணுக்குப் பாட்டு மட்டும் வரும்!

சாமண்ணா ஐயரின் நாடக கம்பெனியில் சேர்ந்தபோது ராஜலட்சுமிக்கு வயது 11. மீசை மழித்த ஆண்கள் சேலை கட்டி 'ஸ்திரீபார்ட்' போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அதில் அக்ரஹாரத்திலிருந்து, அதுவும் கணவனைப் பிரிந்து வந்த ஒரு சிறுமி மேடை ஏறினால் ஊர் வாய் சும்மா இருக்குமா? இன்று காக்களூர் தொழிற்பேட்டைக்குக் காலை ஷிஃப்ட்டுக்கு டிபன் டப்பாவோடு போகும் பெண்ணை யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. சம்பாதிக்கப் போகிறாள், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' என்ற வார்த்தைக்கு எத்தனை பேர் விலை கொடுத்திருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

நாடகத்திலிருந்து ஊமைப் படம். அங்கிருந்து பம்பாய். 1931 மார்ச்சில் 'ஆலம் ஆரா'வை வெளியிட்டு இந்திய சினிமாவைப் பேச வைத்த அர்தேஷிர் இரானி, அதே வருடம் தெற்குப் பக்கமும் கண் வைத்தார். ஹெச்.எம்.ரெட்டி டைரக்‌ஷனில் 'காளிதாஸ்' தயாரானது. தமிழ்ப் படம் என்று பெயரே தவிர, கதாநாயகி தமிழில் கேட்பார், கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்வார்! ஜனங்கள் அதையெல்லாம் கண்டுகொள்ளவே இல்லை. திரை பேசுகிறதே, அது போதாதா? தியாகராஜ கீர்த்தனையும் உண்டு, காந்தியின் ராட்டையைப் பற்றி ஒரு பாட்டும் உண்டு. காளிதாசன் கதையில் ராட்டைக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். கைதட்டல் வாங்குவதுதான் வேலை.

பின்னணிப் பாட்டெல்லாம் அப்போது கிடையாது. காமிரா ஓடும்போதே நடிக்கவும் வேண்டும், பாடவும் வேண்டும். மேடையில் மைக் இல்லாமல் கடைசி வரிசை வரை கேட்கப் பாடிப் பழகிய நாடகக்காரர்களுக்குத்தான் அது முடிந்தது. ராஜலட்சுமிக்கு அது கைவந்த கலை.

1931 அக்டோபர் 31, சென்னை கினிமா சென்ட்ரல் தியேட்டரில் படம் ரிலீஸ். சுமார் 8,000 ரூபாயில் எடுத்த படம் 75,000 ரூபாய்க்கு மேல் வசூலித்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. வசூல் வேறு, லாபம் வேறு என்பது பி.காம். முதல் வருடப் பாடம். என்றாலும் போட்டதைப்போல ஒன்பது மடங்கு புரண்டது என்றால், அதற்குமேல் தமிழில் படம் எடுக்கலாமா வேண்டாமா என்று எந்த முதலாளி யோசிப்பார்? 1933-ல் சாமிக்கண்ணு வின்சென்ட் 'வள்ளி திருமணம்' எடுத்தபோது, அதற்கும் கதாநாயகி இவர்தான். கல்கத்தா போய்ப் படம்பிடித்தார்கள். சென்னையில் டாக்கி ஸ்டுடியோ வந்தது அதற்கு அடுத்த வருடம்தான்.

இதோடு நின்றிருந்தால் அவர் ஒரு குவிஸ் கேள்விக்கு விடை, அவ்வளவுதான். ஆனால் நிற்கவில்லை. 'கமலவல்லி' என்று ஒரு நாவல் எழுதினார். சொந்தமாகக் கம்பெனி வைத்து, அதையே 1936-ல் 'மிஸ் கமலா' என்று படமாக எடுத்தார். கதை, தயாரிப்பு, டைரக்‌ஷன் எல்லாம் அவரே! தமிழின் முதல் பெண் இயக்குநர் என்று சினிமா சரித்திரம் அவரைக் குறித்துக்கொண்டது. இந்திய அளவில் அவருக்குப் பத்து வருடம் முன்னால், 1926-ல் ஃபாத்மா பேகம் ஊமைப் படம் இயக்கியிருந்தார். பானுமதி 'சண்டிராணி'யை இயக்கியது 1953-ல். நடுவில் எத்தனை வருடம் என்று நீங்களே கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்ன வயதில் கல்யாணத்துக்குத் தன் சம்மதத்தை யாரும் கேட்காத ஒரு பெண், 25 வயதில் தன் படத்துக்கு வைத்த பெயரில் முதல் வார்த்தையே 'மிஸ்'! சொந்த மகளுக்கும் கமலா என்றே பெயர் வைத்தார். பெண் சிசுக் கொலையிலிருந்து காப்பாற்றி ஒரு குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்தார் என்றும் சொல்வார்கள். 'சினிமா ராணி' என்று ரசிகர்கள் கொடுத்த பட்டம், பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது.

ராணியின் ராஜ்யம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. புது முகங்கள் வந்தன, புது ஸ்டுடியோக்கள் வந்தன. பாடத் தெரியாதவருக்கு இன்னொருவர் பாடலாம் என்று பின்னணி வந்தது. 1964-ல் ராஜலட்சுமி காலமானார். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டதும் அதே 1964-ல்தான். பழைய படங்களைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று அரசாங்கத்துக்குத் தோன்றிய வருடத்தில் அவர் போய்விட்டார்.

படங்கள் அதற்கு முன்பே போயிருந்தன. அந்தக் கால ஃபிலிம் நைட்ரேட்டில் செய்தது. சட்டென்று தீப்பிடிக்கும். தீயிலிருந்து தப்பியதை உருக்கினால் கொஞ்சம் வெள்ளி கிடைக்கும். ஓடி முடித்த படத்தைப் பத்திரமாக வைப்பதைவிட உருக்குவதில் வரவு அதிகம் என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. வியாபாரக் கணக்கில் தப்பு சொல்ல முடியாது. சரித்திரக் கணக்கில் அது சரியான நஷ்டம். 'காளிதாஸ்' பிரதி இன்று இல்லை. தமிழ்த் திரையில் முதன்முதலாகப் பேசிய அந்தக் குரலை இனி யாரும் அந்தப் படத்தில் கேட்க முடியாது.

மிஞ்சியவை சில ஸ்டில்களும், பாட்டுப் புத்தகமும்தான். தியேட்டர் வாசலில் சில்லறைக் காசுக்கு விற்ற அந்த மெல்லிய புத்தகங்கள்தான் பல படங்களுக்கு இன்று ஒரே சாட்சி. உங்கள் வீட்டுப் பரணில், தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் அப்படி ஏதாவது கிடக்கலாம். பழைய பேப்பர்காரரின் தராசில் அதற்கு எடையே இருக்காது. போடுவதற்கு முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.